ஆணி பிடுங்கிய பம்பரம்

பதினோரு வருஷம் எங்கள் பம்பரங்கள் பிளந்தன, அது விளையாட்டாக இருந்தது. ஒரே ஒரு முறை முதலாளி வீட்டுப் பம்பரம் பிளந்தது, அது குற்றமாகி, அன்று பொழுது சாய்வதற்குள் பன்னிரண்டு விதிகளாகப் பிறந்து, மறுநாள் விடியும்போது ரோஸ் நிற நோட்டீஸாக ஊர்ச் சுவரெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது. பசை காயாத அந்த நோட்டீஸை எங்கள் ஊர் ஆடுகள் பாதி தின்றன என்பதும், தின்ற ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதும் உண்மை. விதிகள் ஆடுகளுக்காக எழுதப்பட்டவை அல்ல.

நெடுங்கரிசலில் பங்குனிப் பொங்கல் முடிந்த மறுநாள் பெரியவர்கள் பம்பரம் ஆடுவார்கள். மீசை நரைத்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள், வாரம் ஆறு நாளும் தீப்பெட்டி ஆபீசில் குச்சிகளைச் சட்டத்தில் சொருகிக் கட்டை அடுக்கி, குச்சி நுனியை மருந்தில் முக்கி, பெட்டி ஒட்டிக் கை காய்த்தவர்கள் அன்று ஒரு நாள் சாட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு வெயிலில் இறங்குவார்கள். முன்பெல்லாம் அது அம்மன் கோயில் பொட்டலில் நடந்தது. மயில்கொண்டை மார்க் தீப்பெட்டி ஆபீசின் முதலாளி தெய்வேந்திரன், பந்தலுக்கடியில் நாற்காலி போட்டு இளநீர் குடித்துக்கொண்டே பார்க்க வசதியாக இருக்கும் என்று, அதைத் தன் ஆபீஸ் கேட்டுக்கு முன்னால் கொண்டுவந்தார். ஆட்டத்தைக் கொண்டுவந்தவர், ஆட்டத்தின் கட்டுப்பாடும் கூடவே வரும் என்று நினைக்கவில்லை.

கட்டுப்பாடு இதுதான். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து வட்டம் போட வேண்டும். கேட்டுக்கு முன்னால் போட்டதால் அது இந்தத் தூணிலிருந்து அந்தத் தூண் வரைக்கும் விரிந்தது. வட்டத்துக்குள் ஒரு பம்பரமாவது ஓடிக்கொண்டிருக்கும்போது, தோல்வியை ஒப்புக்கொள்ள வருகிறவனைத் தவிர, வேறு காலோ சக்கரமோ அதைத் தாண்டக் கூடாது. தாண்டியவன் வீட்டில் அடுப்புப் பற்றாது. தீப்பெட்டி செய்கிற ஊரில் அடுப்புப் பற்றாது என்பதை யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. கடைசிவரை ஓடும் பம்பரம் ஜெயித்தது. அதற்கு முன்னால் விழுந்தது தோற்றது. தோற்றவன் தன் பம்பரத்தை வட்டத்தின் நடுவில் வைத்து, பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, “என் பம்பரம் தோத்துப் போச்சு, குத்துங்க” என்று சொல்ல வேண்டும். ஜெயித்தவன் தன் பம்பரத்தை ஓங்கி விட்டு அதன் தலையில் ஆணியை இறக்குவான். அந்தக் காயத்துக்கு ஆக்கர் என்று பெயர். குத்து விழும்வரை தோற்றவன் எழுந்திருக்கக் கூடாது, வட்டமும் திறக்காது.

முதலாளி வீட்டு ஆட்கள் குத்தவைத்து நாங்கள் பார்த்ததில்லை. அவர்களுக்காகக் குத்தவைக்க ஓர் ஆள் இருந்தார், வாட்ச்மேன் பலவேசம். முதலாளி மகன் ராஜ்மோகன் தோற்றால் பலவேசம் ஓடிவந்து, ஏதோ ஒரு பழைய கட்டையை வட்டத்தில் வைத்து, உட்கார்ந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிக் குத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். அது அவருடைய வேலையில் ஒரு பகுதி என்று அவரும் நினைத்தார், நாங்களும் நினைத்தோம். இப்படி நினைத்துத்தான் நாங்கள் கெட்டோம்.

ராஜ்மோகனின் பம்பரம் லேத்தில் கடைந்தது. அதன் இடுப்பில் நாலு பல் வைத்த எஃகு வளையம் மாட்டியிருந்தது. அது சுற்றி வரும்போது எதிர்ப்பட்டதையெல்லாம் ரம்பம்போல அறுத்துக்கொண்டு போகும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தப் பல் மருந்து முக்குகிற கொம்பையாவின் பம்பரத்தில் ஏறியது. பம்பரம் இரண்டாகப் பிளந்தது. ஒரு சிராய் பறந்துபோய் அவன் வலது கண்ணுக்குள் இறங்கியது.

“ஆட்டத்துல பட்டதுதானப்பா, வேலையில பட்டதா?” என்று முதலாளி கேட்டார். ஒரு சீப்பு வாழைப்பழமும் கண் சொட்டு மருந்தும் கொடுத்தனுப்பினார். மருந்து முக்குவதற்கு இரண்டு கண் வேண்டும், குச்சி நுனி மருந்துக்குள் எத்தனை நூல் அளவு இறங்குகிறது என்பதை ஒற்றைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆகவே கொம்பையா கழிவுக் குச்சி அள்ளுகிற இடத்துக்கு மாற்றப்பட்டான். ராஜ்மோகன் அவனைப் பார்க்கக்கூட வரவில்லை. போகிற வழியில் ஒருநாள் காரை நிறுத்தி, “என்ன கொம்பையா, இப்ப எல்லாம் பாதி பாதியாத் தெரியுதாம்ல?” என்று கேட்டான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கொம்பையாவின் பெண்சாதி மாடத்தி, கட்டை அடுக்குகிறவள், கேட்டுக்கொண்டு நின்றாள்.

அவள் என்னிடம் வந்தாள். இந்த ஆபீஸ் கேட்டை அடைக்க நாற்பது வருஷம் சங்கத்தின் பேரில் வேலைநிறுத்த நோட்டீஸ் அடித்தவன் நான். நாலு தடவை அடைத்தோம், நாலு தடவையும் எங்கள் ஆட்களே ஒரு வாரத்துக்குள் திறந்தார்கள். நான் மனு எழுதலாம் என்றேன்.

“மனுவுல என்ன கேப்பீக அண்ணாச்சி?”

“நஷ்ட ஈடு.”

“எனக்கு அது வேண்டாம். அவன் குத்தவைக்கணும். பலவேசம் அண்ணன் இல்ல, அவன். அவன் வாயால தோத்தேன்னு சொல்லணும், எங்க வீட்ல இவுக குத்தணும். அத எந்த ஆபீசுக்கு எழுதணும்?”

அதற்கு எந்த ஆபீசும் இல்லை என்பதால் நான் நஷ்ட ஈட்டுக்கே மனு எழுத உட்கார்ந்தேன்.

மறு வருஷம் அவளே சாட்டையோடு இறங்கினாள். பெண்கள் ஆடக் கூடாது என்று யாரும் எழுதி வைத்திருக்கவில்லை, ஏனென்றால் யாருக்கும் அப்படித் தோன்றியதே இல்லை. ஒடிந்துபோன அடுக்குச் சட்டத்தின் போல்ட்டைக் கொல்லப்பட்டறையில் கொடுத்து ஆணியாக அடித்து வாங்கியிருந்தாள். அவள் கை ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான குச்சிகளை ஒவ்வொன்றாக அதனதன் காடியில் போடுகிற கை. குறி தவறுவது அந்தக் கைக்குத் தெரியாது. முதல் வீச்சிலேயே ராஜ்மோகனின் பம்பரம் வளையத்தோடு பிளந்து, ஒரு பாதி முதலாளியின் இளநீர்க் குவளைக்குப் பக்கத்தில் போய் விழுந்தது.

அப்போதுதான், ஆட்டத்தை நடத்த முதலாளி வைத்திருந்த கமிட்டிக்குப் பம்பரம் ஆபத்தான பொருள் என்பது தெரிந்தது. கமிட்டிச் செயலாளர் கணக்கு வாத்தியார் நமச்சிவாயம் விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். முடிவு செல்லாது என்றார். எதிராளியின் பம்பரத்துக்குச் சேதம் விளைவிக்கும் உறுப்பு எதுவும் கூடாது என்றது முதல் விதி. ஆணி அரை அங்குலத்துக்கு மேல் நீளக் கூடாது என்றது இரண்டாம் விதி. நுனி மழுங்கியிருக்க வேண்டும், போல்ட், திருகு, சைக்கிள் கம்பி கூடாது என்று அது வளர்ந்துகொண்டே போய், ஏழாம் விதியில், பம்பரத்தின் இடுப்பில் மாட்டும் வளையம் அலங்காரமாகக் கருதப்படும் என்று மூச்சு வாங்கியது. கடைசி விதி, கடைசிப் பம்பரம் தானாகச் சாயும்வரை ஆட்டம் முடிந்ததாகாது என்றது. ராஜ்மோகனுக்கு லேத்தில் புதிதாகக் கடைகிற பம்பரம் ரொம்ப நேரம் ஓடும் என்பதால் எழுதியது அது.

நோட்டீஸ் ஒட்டிய அன்றே கமிட்டி ஆட்கள் குறடோடு வீடு வீடாக வந்து அளவுக்கு மீறிய ஆணிகளைப் பிடுங்கினார்கள். மாடத்தியின் பம்பரத்தில் ஆணி ஆழமாக இறங்கியிருந்தது. இரண்டு பேர் சேர்ந்து இழுத்தார்கள். பிடுங்கிய பிறகு அந்தக் குழியை அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். கொம்பையாவின் கண் இருந்த இடத்தையும் அவள் தினம் இப்படித்தான் துடைத்துவிடுவாள்.

அடுத்த பங்குனியில் அவள் அதே பம்பரத்தை, குழியோடு, கொண்டுவந்தாள். நமச்சிவாயம் வாத்தியார் ஸ்கேலை வைத்துக்கொண்டு நின்றார்.

“ஆணி எங்கம்மா?”

“உங்ககிட்டதான் இருக்கு சார்.”

கூட்டம் சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். “நீளம் பூஜ்யம். அரை அங்குலத்துக்கு உட்பட்டது” என்று சத்தமாகச் சொல்லிக் குறித்துக்கொண்டார். “விடும்மா, விடு. கட்டைய உருட்டி விளையாடு.”

மாடத்தி சாட்டையைச் சுற்றினாள். ஒவ்வொரு சுற்றுக்கும் உதட்டை அசைத்தாள். ஒரு சுற்றுக்குக் கண் என்றாள், ஒரு சுற்றுக்குச் சிராய் என்றாள், ஒரு சுற்றுக்கு வாழைப்பழம் என்றாள், ஒரு சுற்றுக்குக் காரில் இருந்தவர்களின் சிரிப்பு என்றாள், கடைசிச் சுற்றுக்கு அவன் பேரைச் சொல்லி, கையை உயர்த்தி விட்டாள். பம்பரம் தரைக்கு நாலு விரல் மேலே நின்று சுற்றியது. வாத்தியார் ‘சுற்றுகிறது’ என்று எழுதினார்.

ராஜ்மோகனின் புதுப் பம்பரம் வளையத்தைச் சுழற்றிக்கொண்டு அதன் அடியில் நுழைந்து, அறுப்பதற்கு ஒன்றும் இல்லாமல் அந்தப் பக்கம் வெளியே வந்து, மறுபடி நுழைந்து, மறுபடி வந்து, களைத்து, தலை ஆடி, விழுந்தது. மற்றவர்களுடையதும் விழுந்தன. மாடத்தியின் பம்பரம் காற்றில் நின்று வண்டுபோல ரீங்கரித்துக்கொண்டிருந்தது.

பலவேசம் வழக்கம்போல ஓடிவந்து ஒரு கட்டையை வைத்துக் குத்தவைத்தார். “என் பம்பரம் தோத்துப் போச்சு, குத்துங்க” என்றார். பம்பரம் நிற்கவில்லை. இன்னொரு தடவை சொன்னார். அது நிற்கவில்லை. “தாயி, எனக்கு முட்டி வலிக்கி” என்றார் மாடத்தியைப் பார்த்து.

“எந்திரிங்க அண்ணே. உங்கள யாரு உக்காரச் சொன்னா?”

அவர் எழுந்து, முட்டியைத் தடவிக்கொண்டு, முதலாளியின் பந்தலுக்குப் போகாமல் எங்கள் பக்கம் வந்து நின்றார். இருபது வருஷத்தில் அவர் அந்தத் திசையில் நடந்தது அதுதான் முதல் தடவை.

கேட்டுக்கு உள்ளே தீப்பெட்டிப் பண்டல் ஏற்றிய லாரிகள் இரண்டு நின்றன, வெளியே மருந்துக்கான குளோரேட் மூட்டையோடு ஒன்று நின்றது. டிரைவர்கள் இறங்கி வந்து பம்பரத்தைப் பார்த்தார்கள், வட்டத்தைப் பார்த்தார்கள், ஏறிப் படுத்துக்கொண்டார்கள். பின்பக்கச் சுவரை உடைத்து வழி செய்யலாம் என்றார் முதலாளி. பின்பக்கம் மருந்து ரூம், அங்கே வழி வைத்தால் லைசென்ஸ் போய்விடும் என்றார் மேனேஜர். இப்படியாக, நான் நாற்பது வருஷம் கத்தியும் நிலையாக மூடாத கேட்டை ஒரு கட்டைப் பம்பரம் சத்தமில்லாமல் மூடியது.

ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. டீக்கடைக்காரர் பெஞ்சை வட்டத்தின் ஓரத்துக்கு இழுத்துப் போட்டார். பெண்கள் அங்கேயே உட்கார்ந்து பேன் பார்த்தார்கள், புளி உடைத்தார்கள். கைக்குழந்தைகள் அந்த ரீங்காரத்தில் தூங்கப் பழகி, வீட்டுக்குத் தூக்கிப்போனால் அழுதன. மின்விசிறி இல்லாத வீட்டுக்காரர்கள் அது கிளப்புகிற காற்றுக்கு நேராகப் பாய் விரித்தார்கள், எந்தப் பக்கம் காற்று அதிகம் என்று ஒரு நாள் சண்டையும் வந்தது. இன்ஸ்பெக்டர் வந்து, வட்டத்துக்கு வெளியே ஒரு சுற்று நடந்துவிட்டு, “யார் பேர்ல கேஸ் போடுறது?” என்று கேட்டார்.

“பம்பரத்து பேர்ல போடுங்க சார்” என்றார் டீக்கடைக்காரர். “அப்பன் பேர் கேட்டா வேப்பங்கட்டைன்னு எழுதிக்கிடுங்க.”

இன்ஸ்பெக்டர் டீ குடித்துவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள் நான் எங்கள் சங்கக் கொடியைக் கொண்டுபோய் வட்டத்துக்குப் பக்கத்தில் நட்டேன். மாடத்தி வந்து அதைப் பிடுங்கி, மண்ணைத் தட்டி, என் கையில் கொடுத்தாள்.

“கோவிச்சுக்கிடாதீக அண்ணாச்சி. இது நடக்கும்போது நீங்க மனு எழுதிட்டு இருந்தீக.”

நான் கோபித்துக்கொண்டேன். இப்போதும் அந்தக் கோபம் இருக்கிறது. ஆனால் அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை, அதையும் எழுதத்தான் வேண்டும்.

எட்டாம் நாள் கமிட்டி கூடிப் பதின்மூன்றாம் விதியை எழுதியது; தரையைத் தொடாத பம்பரம் பம்பரமே அல்ல. நோட்டீஸ் இந்த முறை மஞ்சள் நிறம். ராஜ்மோகன் அதை லாரி டிரைவரிடம் காட்டி, “பம்பரமே இல்லைன்னு எழுதியாச்சு, வண்டிய எடு” என்றான்.

“எழுதிட்டாகளா?” என்றார் டிரைவர். “சரி சின்ன முதலாளி. நீங்க ஒரு எட்டு முன்னால நடங்க, நான் உங்க பின்னாலயே உருட்டிட்டு வாரேன்.”

ராஜ்மோகன் வட்டத்தின் விளிம்புவரை போனான். பம்பரம் அவன் முகம் இருக்கிற உயரத்துக்கு எழும்பி, அங்கேயே நின்று சுற்றியது. அவன் கை தானாகப் போய் வலது கண்ணைப் பொத்திக்கொண்டது. பின்னால் வந்துவிட்டான். பம்பரமும் இறங்கி நாலு விரல் உயரத்தில் நின்றுகொண்டது.

பதினைந்தாம் நாள் வேறு மாதிரி விடிந்தது. வேலை இல்லை, ஆகவே சனிக்கிழமைச் சம்பளமும் இல்லை. வட்டத்தின் ஓரத்தில் பேன் பார்த்த பெண்களே மாடத்தி வீட்டு வாசலுக்கு வந்தார்கள். எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும். நாலு தடவையும் கேட்டை அவர்கள் திறந்தது இப்படி ஒரு காலையில்தான். முன்னால் வந்தவள் பேச்சிமுத்து, மாடத்திக்குப் பக்கத்துச் சட்டத்தில் அடுக்குகிறவள்.

“மதினி, உலை வச்சு ரெண்டு நாளாச்சு. போதும், நிறுத்து.”

“நான் நிறுத்த முடியாது. அவன் வந்து உக்காந்தாத்தான் நிக்கும்.”

“உன் புருஷன் கண்ணுக்கு எங்க பிள்ளைக பட்டினி கெடக்கணுமா?”

மாடத்தி உள்ளே போய், தன் வீட்டுக் கம்பம்புல் தானியத்தைப் பானையோடு தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்தாள். “இதுதான் இருக்கு. எல்லாரும் எடுத்துக்கிடுங்க. எடுத்துட்டு, அவன் வளையத்துல பிளந்த பம்பரம் யார் யார் வீட்டுல கெடக்கோ, அத மட்டும் எடுத்துட்டு வந்து எனக்குக் காட்டுங்க. அத அடுப்புல போட்டுக் கஞ்சி காய்ச்சுவோம்.”

அவர்கள் போனார்கள். பரணிலும் பெட்டியிலும் கூரையிடுக்கிலும் தேடினார்கள். பதினோரு வருஷத்துப் பிளந்த பம்பரங்கள், அப்பன் ஆடியது, அண்ணன் ஆடியது, செத்துப்போனவன் ஆடியது, சாக்குச் சாக்காக வந்து குவிந்தன. ஒவ்வொன்றிலும் அந்த நாலு பல்லின் தடம் இருந்தது. பேச்சிமுத்து தன் தம்பியின் பம்பரத்தைத் தன் கையாலேயே அடுப்பில் வைத்தாள். கஞ்சி கொதித்தது. ஒரே பானைக் கம்பை அன்றைக்கும் மறுநாளும் அதற்கு மறுநாளும் மொத்தத் தெருவும் குடித்தது, பானை குறையவில்லை, விறகும் குறையவில்லை. இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை, பிளந்த கட்டை அவ்வளவு இருந்தது.

பத்தொன்பதாம் நாள் உச்சிவெயிலில் ராஜ்மோகன் வந்தான். கேட்டுக்குள் நின்ற பண்டல்கள் புழுங்கிப்போய்க் குச்சி பற்றவில்லை, சரக்கு எங்கே என்று வடக்கேயிருந்து தந்தி வந்திருந்தது. முதலாளி வீட்டுப் பெண்கள் ஊரை விட்டுப் போக ஏற்கெனவே மூட்டை கட்டியிருந்தார்கள். யாரும் வட்டத்தைத் தாண்டவில்லை, ஆனாலும் அவர்கள் வீட்டு அடுப்பு மூன்று நாளாகப் பற்றவில்லை. அவன் கையில் அவனுடைய பம்பரம் இருந்தது. வளையத்தோடு இருந்தது.

“வளையத்தக் கழத்தணுமா?” என்று கேட்டான்.

“எதுக்கு?” என்றாள் மாடத்தி. “அலங்காரம்தானே. இருக்கட்டும்.”

அவன் வட்டத்துக்குள் வந்தான். பம்பரம் ஒதுங்கி வழிவிட்டது. நடுவில் தன் பம்பரத்தை வைத்தான். குத்தவைப்பது அவனுக்குத் தெரியவில்லை, ஒரு முட்டியை ஊன்றினான், மறு முட்டியை ஊன்றினான். பலவேசம் ஓரத்திலிருந்து, “குதிங்கால்ல உக்காருங்க சின்ன முதலாளி, அப்பதான் வலி கம்மி” என்று சொல்லிக்கொடுத்தார். உட்கார்ந்தான். வாய்க்குள் ஏதோ சொன்னான்.

“கேக்கல” என்றது கூட்டம்.

“என் பம்பரம் தோத்துப் போச்சு. குத்துங்க.”

பம்பரம் சுற்றுவதை நிறுத்தி மாடத்தியின் கையில் வந்து விழுந்தது. பத்தொன்பது நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த ரீங்காரம் நின்றதும் தெருவிலிருந்த கைக்குழந்தைகள் எல்லாம் ஒன்றாக விழித்துக்கொண்டன. கொல்லர் வந்து குழியில் புது ஆணி அடித்தார், எவ்வளவு நீளம் வேண்டுமோ அவ்வளவு. வாத்தியார் ஸ்கேலை எடுக்கவில்லை. மாடத்தி பம்பரத்தையும் சாட்டையையும் புருஷன் கையில் கொடுத்தாள்.

கொம்பையா சாட்டையைச் சுற்றினான். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் தெரியாது. ஓங்கி விட்டான். ஆணி ராஜ்மோகனின் பம்பரத்துக்கு ஒரு சாண் தள்ளி மண்ணில் இறங்கியது. எடுத்தான், சுற்றினான், விட்டான். இந்தப் பக்கம் ஒரு சாண். மூன்றாவது, நாலாவது, பத்தாவது. ஒவ்வொரு வீச்சுக்கும் ராஜ்மோகனின் தோள் உயர்ந்து தணிந்தது. குத்து விழும்வரை எழுந்திருக்கக் கூடாது.

முப்பதாவது வீச்சுக்கு அவன் ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டான். அறுபதாவதுக்கு அழுதான். “மாடத்தி, நீ குத்து. உனக்குத்தான் குறி தப்பாதே, நீ குத்து.”

“அவுக கண்ணு, அவுக குத்து” என்றாள் மாடத்தி.

தெய்வேந்திரன் பந்தலிலிருந்து எழுந்து நின்று, எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். நாங்கள் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

தொண்ணூறாவது வீச்சையொட்டி நான் ஒன்றைக் கவனித்தேன். கொம்பையாவின் கை இப்போது நேராகத்தான் போகிறது. ஒற்றைக் கண் தூரத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது. பம்பரம் சாட்டையை விட்டு நழுவுகிற கடைசி நொடியில் அவன் மணிக்கட்டு மட்டும், மருந்துக்குள்ளிருந்து குச்சிச் சட்டத்தை ஒரு நூல் அளவு முன்னதாகவே எடுப்பதுபோல, மெதுவாக விலகுகிறது. ஆணி ராஜ்மோகனின் பம்பரத்தை உரசுகிற அளவுக்குப் பக்கத்தில் இறங்குகிறது, பட மாட்டேன் என்கிறது. மாடத்தியைப் பார்த்தேன். இருபது வருஷமாக அந்தக் கையோடு குடித்தனம் நடத்துகிறவள், எனக்கு முன்னாலேயே பார்த்துவிட்டாள். பேச்சிமுத்துவும் பார்த்தாள். பசித்திருந்த, கேட் திறக்கட்டும் என்று காத்திருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். முந்தானையை உதறி, ஒருவர் பின் ஒருவராக, நிழல் பார்த்து உட்கார்ந்தார்கள்.

மாடத்தி டீக்கடைப் பக்கம் திரும்பி, தன் புருஷனுக்கு வெயிலில் தொண்டை காயும், ஒரு டீ போடுங்கள் என்றாள். கொம்பையா சாட்டையை நாவில் நனைத்து, அவசரமில்லாமல், முதல் சுற்றிலிருந்து சுற்றத் தொடங்கினான்.